சிரட்டைப் பந்தமும் ஐந்தாம் வகுப்பும்

பந்தம் இன்னும் வரவில்லை.

பள்ளிக்கூட வாசலில் நான் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தேன். துலா மாசத்துக் காலை. சாயங்காலம் இடியும் மழையும் கொட்டப்போகிற நாட்களில் காலையிலேயே ஒரு புழுக்கம் இருக்குமே, அப்படி ஒரு புழுக்கம். பாவாடையில் கையைத் துடைத்துத் துடைத்து அந்த இடமே ஈரமாகிவிட்டது.

பின்னால் வராந்தாவில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா உட்கார்ந்திருந்தார். பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வருகிறவர். மலையாளத்துக்காரர். வெள்ளைப் புடவை, காலில் பூட்ஸ், மடியில் குடை, மணிக்கட்டில் வாச்சு. அந்த வாச்சைத்தான் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குட்டிகள் எவிடே டீச்சர்? ஒம்பது பேர்னு எழுதியிருக்கு. ஒருத்தி வாசல்ல நிக்குது. பாக்கி எட்டு?"

"இப்போ வந்துரும் அம்மா. ஓடி வந்துக்கிட்டு இருக்கு" என்றார் எங்கள் பகவதி டீச்சர்.

"ஓடியா? எங்கேந்து?"

"ஆத்தங்கரையில இருந்து அம்மா."

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா டீச்சரை மேலும் கீழும் பார்த்தார். "பத்தரைக்கு நான் இறங்கணும். கோட்டைக்குள்ளே வேறே ஸ்கூல் உண்டு."

அந்த அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரும். போடாவிட்டால் நாலோடு சரி. வருஷக் கடைசியில் ஸ்லேட்டைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டு, அம்மாவோடு அடுப்படியில் உட்கார வேண்டியதுதான். என் அக்கா அப்படித்தான் உட்கார்ந்தாள்.

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியதெல்லாம் வீட்டுக்குள்ளே நடந்தவை. தெருவில் நான் பண்ணின காரியத்தை எழுத இத்தனை வயசுக்கு அப்புறமும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இந்த வாரம் எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முன்னால், ஒன்பது வயசுப் பெண்கள் மலையாள தேசத்தில் தமிழர்கள் குடியிருந்த எங்கள் கரமனை அக்கிரகாரத்தில் நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஏன் ஓடினார்கள் என்று சொல்ல வேண்டும்.

கருப்பட்டி சுற்றி வந்த காகிதம்

பெரிய யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முந்தி அது. பகவதி டீச்சருக்கு அப்போது இருபத்திரண்டு வயசு இருக்கும். நாஞ்சில்நாட்டுக்காரர். நாலாம் வகுப்புக்கு அவர்தான் எல்லாம். அவருடைய அண்ணா நாகர்கோவிலிலிருந்து மாசம் ஒரு தரம் கருப்பட்டி அனுப்புவார். கருப்பட்டியைச் சுற்றி வருவது பழைய தமிழ்ப் பத்திரிகைகள்.

டீச்சர் கருப்பட்டியை வீட்டில் வைத்துவிட்டுக் காகிதத்தை வகுப்புக்குக் கொண்டுவருவார். தண்ணீர் தொட்டு மெதுவாக நீவி, பலகையில் ஒட்டுவார். அந்தக் காகிதத்தில்தான் ஒலிம்பிக் என்ற வார்த்தையை முதல் முதலாகப் பார்த்தோம். ஜெர்மனியில் உலகத்து தேசங்கள் எல்லாம் கூடி ஓடுகின்றன, குதிக்கின்றன, நீந்துகின்றன என்று போட்டிருந்தது.

டீச்சருக்கும் பந்தயம் ஒன்றும் தெரியாது. அதை அவர் ஒளிக்கவே இல்லை. "நானும் உங்களைப் போலத்தான் பிள்ளைகளா. சேந்து படிப்போம்" என்பார். நீளத்தாண்டல் என்று போட்டிருந்ததை நொண்டி விளையாட்டு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்து, அடுத்த மாசக் கருப்பட்டி வந்த பிறகு, "போன மாசம் சொன்னது தப்பாக்கும், அழிச்சிருங்க" என்றார். தப்பைத் தப்பு என்று சொன்ன பெரியவர் ஒருவரை நான் அப்போதுதான் பார்த்தேன்.

சில இடங்களில் கருப்பட்டி ஒட்டி எழுத்து தெரியாது. முதல் இடம் ஒரு தேசம், மூன்றாவது இடம் ஒரு தேசம், நடுவில் கறை. "இங்கன யாரு வந்திருப்பா? யோசிச்சுச் சொல்லுங்க" என்பார். ஒரு முழு பீரியட் அதற்கே போகும்.

ஆளுக்கொரு தேசம்

ஒன்பது பெண்களுக்கும் சீட்டுப் போட்டுத் தேசம் கொடுத்தார். அவரவர் தேசத்துக்குத் தலைநகரம் எது, என்ன சாப்பிடுவார்கள், எந்தக் கடல் தாண்டிப் போக வேண்டும், எந்தப் பந்தயத்தில் ஜெயித்தார்கள், எல்லாம் அவரவர் பொறுப்பு. கமலாவுக்கு அமெரிக்கா. அவள் அதற்குப் பொருத்தம்தான், சத்தம் அதிகம். ராஜத்துக்கு ஜப்பான். லலிதாவுக்கு ஜெர்மனி. எனக்குப் பின்லாந்து.

"இந்தியா யாருக்கு டீச்சர்?"

"இந்தியா எனக்காக்கும்."

"அது எப்படி! நீங்க சீட்டே எடுக்கலியே!" கமலா குதித்தாள்.

"நான் உங்க எல்லாருக்கும் மூத்தவ இல்லியா? போட்டும் பிள்ளே, எனக்கும் ஒரு ஆசை இருக்காதா?"

அந்த மாசக் காகிதத்தில் ஹாக்கியில் இந்தியா ஜெயித்த செய்தி வந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்று அடித்திருந்தார்கள். ஹாக்கி என்றால் வளைந்த மட்டையால் பந்தடிப்பது என்று சொல்லி, தென்னை மட்டையை வைத்து அடித்தும் காட்டினார் டீச்சர். எல்லோரும் கைகொட்டினோம். ஜெர்மனி மட்டும் முகத்தைப் பாவாடையில் புதைத்துக்கொண்டு அழுதாள். "அழாதே மக்கா, எட்டுல ஒண்ணு போனா எத்தனைன்னு சொல்லு" என்று டீச்சர் சமாதானம் செய்ததும் ஒரு கணக்காகவே இருந்தது.

உலக உருண்டை வாங்க வழியில்லை. டீச்சர் ஒரு பம்பளிமாஸ் பழத்தில் மசியால் தேசங்களை வரைந்தார். பத்து நாளில் உலகம் வாடிச் சுருங்கியது. அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஒரு சுருக்கம் விழுந்து அமெரிக்கா எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கமலா உலகத்தை உரித்துத் தின்றுவிட்டாள்.

நான் வகுப்பில் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. எனக்குப் பேச்சு வராது என்று தெருவே நினைத்திருந்தது. வரும், நாலு பேர் முகத்தைப் பார்த்தால் தொண்டையில் நின்றுவிடும். டீச்சர் என்னை நிற்க வைத்துத் திட்டவில்லை. பதிலை ஸ்லேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்வார். அடுப்படியில் அம்மாவிடம் மட்டும் பேசுவேன்.

"அம்மா, பின்லாந்திலே வெயில் காலத்திலே ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சமா இருக்குமாம்."

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்போ சந்தி விளக்கு எப்போடி ஏத்துவா?"

மறுநாள் அதை ஸ்லேட்டில் எழுதிக் காட்டினேன். டீச்சருக்கும் தெரியவில்லை.

பத்துப் பத்மநாபா

ஒரு மனுஷன் நூறு மீட்டரைப் பத்து செகண்டு சொச்சத்தில் ஓடினான் என்று காகிதத்தில் இருந்தது. மீட்டர் எவ்வளவு நீளம், செகண்டு எவ்வளவு நேரம்?

மீட்டருக்குக் கிணற்றுக் கயிற்றை அளந்து முடிச்சுப் போட்டார் டீச்சர். செகண்டுக்குத்தான் கஷ்டம். பள்ளிக்கூடத்தில் கடிகாரம் கிடையாது. லீவில் ஊருக்குப் போனபோது அண்ணாவின் வாச்சை வைத்துக்கொண்டு என்னென்னமோ சொல்லிப் பார்த்திருக்கிறார். நிதானமாக ஒரு தரம் "பத்மநாபா" என்றால் சரியாக ஒரு செகண்டு. எங்கள் ஊர்ப் பெருமாள் பெயர். எங்களுக்கு மறக்கவும் மறக்காது.

அதிலிருந்து எல்லாவற்றையும் பத்மநாபாவால் அளந்தோம். பலாமரத்திலிருந்து கிணறு வரை கமலா ஏழு பத்மநாபா. நான் ஒன்பது. ராஜம் பத்துக்கு மேல், அதுவும் மூச்சு வாங்கி மார்பில் கைவைத்துக்கொண்டு. அறுபது பத்மநாபா ஒரு நிமிஷம். பெருக்கல் வாய்ப்பாடு தன்னால் வந்தது.

தெருவில் போகிற மாமிகளுக்கு உள்ளேயிருந்து ஒன்பது பெண்கள் "பத்மநாபா, பத்மநாபா" என்று சொல்வது கேட்கும். "புது டீச்சர் நாமம் சொல்லிக் குடுக்கறாளே, என்ன பாந்தம்!" என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நாங்களும் திருத்தவில்லை.

தூரமும் அப்படித்தான். இருபத்தாறு மைல் ஓட்டம் என்றால் கரமனையிலிருந்து குழித்துறையையும் தாண்டி. என் அத்தை வில்வண்டியில் குழித்துறை போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும். நீள ஓட்டம் ஒன்றில் முதல் மூன்று இடமும் என் பின்லாந்துக்காரர்களுக்கே. அன்றைக்கு வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு உள்ளுக்குள்ளே மனசு குதியாகக் குதித்தது. வெளியே ஸ்லேட்டைத் தூக்கிக் காட்டினேன்: 'மூன்று'.

மூன்று பேர் போதாது

ஐந்தாம் வகுப்பு வேண்டும் என்று டீச்சர் ஏற்கனவே எழுதிக் கேட்டிருந்தார். எட்டுப் பெண்களாவது படிக்க வருவார்கள் என்று வீட்டிலிருந்து ஒப்புதல் வேண்டும் என்று பதில் வந்தது. ஒன்பது பேரில் ராஜத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மீதி எட்டுப் பேரும் வந்தே ஆக வேண்டும்.

டீச்சர் வீடு வீடாகப் போனார். அவர் வேறே ஜாதி. அந்தக் காலத்தில் வாசல்படிக்கு மேல் ஏறச் சொல்ல மாட்டார்கள். வெயிலில் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நாலு கிளாஸ் போறும்ட்டோ. காயிதம் வந்தா படிக்கத் தெரியணும், அவ்வளவுதானே?" என்று கமலாவின் அம்மா அலமேலு மாமி சொன்னாள். அலமேலு மாமி சொன்னால் தெருவில் பாதிப் பேர் சொன்ன மாதிரி. என் அம்மா, "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள். அப்பாவிடம் கேட்கவே இல்லை. அம்மாவும் என்னைப் போலத்தான்.

மூன்று வீடுகள் மட்டும் சரி என்றன.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா நேரில் வந்து பிள்ளைகளைப் பார்த்தால் மனசு இளகுவார் என்று டீச்சர் நம்பினார். கிரீஸ் தேசத்திலிருந்து ஜெர்மனி வரை நெருப்பைக் கை மாற்றி கை மாற்றி ஓடிக் கொண்டுபோனார்களாம். அதே மாதிரி நாங்களும் ஒன்பது தேசங்களாகத் தெருவில் நின்று பந்தத்தைக் கொண்டுவர வேண்டும். வந்ததும் அவரவர் தேசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கம்பு நுனியில் தேங்காய்ச் சிரட்டை, அதில் எண்ணெயில் நனைத்த துணி. அதுதான் பந்தம். கமலா ஆற்றங்கரையில் ஏற்றிப் புறப்படுவாள். கடைசியாக வாங்கி உள்ளே கொண்டுவருவது நான். "நீ பேசாண்டாம் மக்கா, தூக்கிட்டு வந்தா போதும்" என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

தெருவின் நீளத்துக்கு முன்னூறு பத்மநாபா போதும் என்று கணக்குப் போட்டிருந்தோம். பத்து மணிக்குப் புறப்பட்டால் பத்து அஞ்சுக்கு இங்கே.

இப்போது மணி பத்தே கால்.

தெருவில் நடந்தது

"ஜானகி, ஓடு மக்கா, போய் என்னன்னு பாத்துக் கூட்டிட்டு வா" என்று டீச்சர் என் முதுகைத் தள்ளினார்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வளைவு திரும்பியதும் நின்றுவிட்டேன்.

தெருவில் இரண்டு பக்கமும் மாமிகள். ஆளுக்கொரு தாம்பாளம்: ஆரத்தி, வெற்றிலை, பழம், தேங்காய். நடுவில் கமலா, இரண்டு கையாலும் பந்தத்தைப் பிடித்துக்கொண்டு. கம்புக்கு மஞ்சள் குங்குமம் இட்டிருந்தார்கள். அரளி மாலை வேறே. அவள் பின்னால் மற்ற ஏழு தேசங்களும் கை கூப்பிக்கொண்டு வரிசையாக நின்றன.

"வரிசையா வாங்கோ! தள்ளாதேங்கோ! ஏண்டி பங்கஜம், நான் இன்னும் சுத்தி முடிக்கலை, அதுக்குள்ளே நீ எதுக்குத் தட்டை நீட்டறே?" அலமேலு மாமிதான் நடத்திக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்து கமலாவின் பக்கத்தில் போனேன். "என்னடி ஆச்சு?"

"தீப்பெட்டி நமுத்துப் போச்சுடி. குருக்கள் மாமா பிள்ளையார் விளக்கிலே ஏத்திக் குடுத்தார். எண்ணிண்டே ஓடி வந்தேன். அம்மா பார்த்துட்டா."

எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையார் கோயிலிலிருந்து நெருப்பு வருகிறது. கூடவே "பத்மநாபா, பத்மநாபா" என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் குழந்தை வருகிறாள். மாமிகள் வேறே என்ன நினைப்பார்கள்?

"லலிதா கையிலே குடுத்துட்டு ஓடச் சொல்லேன்."

"குடுக்க விடமாட்டேங்கறா. சாமியைக் கை மாத்தப்படாதாம்."

தாம்பாளத்தோடு நிற்கிற வீட்டைத் தாண்டிச் சாமி போகக் கூடாது. போனால் அந்த வீட்டுக்கு அவமானம். அது எங்களுக்கும் தெரியும். ஒரு வீட்டுக்கு முன்னூறு பத்மநாபா. ஐந்து நிமிஷம். இன்னும் பதினாலு வீடு. எழுபது நிமிஷம். டீச்சர் சொல்லிக் கொடுத்த பெருக்கல் தலையில் தன்னால் ஓடியது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பத்தரைக்குப் போய்விடுவார்.

சத்தமாகச் சொல்ல வேண்டியது கமலாதான். கமலாவோ அவள் அம்மாவுக்கு முன்னால் பூனை. சுற்றிப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் இல்லை.

"எல்லாரும் ஸ்கூலுக்கு வாங்கோ!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. மணியைக் கீழே போட்ட மாதிரி கணீரென்று கேட்டது.

"சாமி ஸ்கூலுக்குத்தான் போறது! ஆரத்தி எல்லாம் அங்கேதான்! சீக்கிரம் வாங்கோ, நேரமாயிடுத்து!"

மாமிகள் எல்லோரும் திரும்பினார்கள்.

"யாருடி அது?"

"ஈஸ்வரி பொண்ணு ஜானுவா? அதுக்குப் பேச வருமா?"

"வருதேடி!"

அதைச் சாமி என்று சொன்னது பொய்யா என்று பல வருஷம் மனசுக்குள் உறுத்தியது. அப்போது யோசிக்க நேரம் இல்லை. கமலா நடந்தாள். ஏழு தேசங்கள் பின்னால். அதற்குப் பின்னால் தாம்பாளங்களோடு தெருவே வந்தது. ஆண்கள் எல்லாம் ஆபீசுக்கும் கோயிலுக்கும் போயாயிற்று. வந்தது முழுக்கப் பெண்கள்தான். எங்கள் வீட்டு நிலையில் நின்றிருந்த அம்மாவும் இறங்கி வந்து கடைசியில் சேர்ந்துகொண்டாள். பந்தத்தைத் தொட எனக்கு முறையே வரவில்லை.

வராந்தாவில் பரீட்சை

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். மாலை போட்ட நெருப்பும் முப்பது மாமிகளும் உள்ளே வருவதைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

டீச்சர் என் காதில், "என்ன மக்கா இது?" என்றார். எனக்கு மறுபடி பேச்சு போய்விட்டிருந்தது.

மாமிகள் அவசர அவசரமாக ஆரத்தி சுற்றினார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "சரி. இனி சோதனை" என்றார். மாமிகள் போகவில்லை. முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

கமலா அமெரிக்காவைப் பொழிந்து தள்ளினாள். ராஜம் ஜப்பான்காரர்கள் நீச்சலில் ஜெயித்ததைச் சொல்லி, அங்கே போகக் கப்பல் எந்த வழி போகும் என்று காற்றில் வரைந்து காட்டினாள். லலிதா ஜெர்மனியின் நதி பெயரைச் சொன்னபோது முற்றத்தில் ஒரு மாமி, "நம்ம கரமனை ஆறு மாதிரி இருக்குமாடி?" என்று கேட்டாள்.

"செகண்டு எண்ணத் தெரியுமாமே? பத்து எண்ணுங்கோ" என்று இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வாச்சைப் பார்த்தார்.

"பத்மநாபா" என்று ஆரம்பித்தோம். அவ்வளவுதான், முற்றத்தில் முப்பது மாமிகளும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். ராகம் வேறே.

"பதினாறு செகண்டு. டீச்சர், நிங்ஙளுடெ ஆள் தோத்துப் போச்சு."

"பெரியவங்க சேந்ததுனால தாமசிச்சுப் போச்சும்மா!"

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார். மறுபடி நாங்கள் மட்டும் எண்ணினோம். பதினொன்று.

"வாசல்ல நின்ன குட்டி, உனக்கு எந்தத் தேசம்?"

கை ஸ்லேட்டைத் தேடியது. ஸ்லேட் உள்ளே இருந்தது. "பின்லாந்து" என்றேன். மெதுவாகத்தான். "நீள ஓட்டம். ஆறேகால் மைல். இங்கேந்து நேமம் போயிட்டுத் திரும்பி வரணும். முதல் மூணு பேரும் பின்லாந்து."

"நேமம் போயிட்டு நடுவிலே உக்காராமயா?" என்றாள் அலமேலு மாமி.

எட்டாவது வீடு

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பேனாவைத் திறந்தார். "டீச்சர், எனக்குத் திருப்தி. ஆனா இதிலே மூணு வீடுதான் சம்மதிச்சிருக்கு. எட்டு வேணும். குட்டிகள் இல்லாம கிளாஸ் எப்படித் தருவேன்?" முற்றத்தைப் பார்த்தார். "அம்மைமாரே, நிங்ஙள் எல்லாம் இங்கேதானே இருக்கீங்க. இப்பவே சொல்லலாம்."

சற்றுமுன் வரை ராகம் போட்டவர்கள் எல்லாம் தாம்பாளத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அவர் வரட்டும், கேட்டுண்டு சொல்றோம்."

"அடுத்த மாசம் பார்க்கலாமே."

சிரட்டையில் எண்ணெய் குறைந்து நெருப்பு சின்னதாகிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பேனாவை மூடினார். டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்காத்து ஜானு வருவா."

தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். என் அம்மா.

அலமேலு மாமி சடக்கென்று திரும்பினாள். "ஈஸ்வரி! ஆத்துக்காரரைக் கேக்காம? அதுவும் அக்னி எரியறச்சே வார்த்தை குடுத்துட்டியே! இனி திரும்ப எடுக்க முடியாதுட்டோ!"

"திரும்ப எடுக்கறதுக்கா குடுப்பா?" என்றாள் அம்மா.

அலமேலு மாமியின் முகம் சிவந்தது. முப்பது பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயே திறக்காத ஈஸ்வரி முந்திக்கொண்டுவிட்டாள்.

"எழுதிக்கோங்கோ" என்று எழுந்தாள். "எங்காத்துக் கமலாவும் வருவா. அவ மட்டும் என்ன குறைச்சல்?"

ஐந்து. மாமி எழுந்ததும் அவள் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் எழுந்தார்கள். ஏழு. லலிதாவின் அம்மா மட்டும் விரலை மடக்கி மடக்கி ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள். நெருப்பு ஒரு தரம் படபடத்துத் தாழ்ந்தது. கமலா காற்றுப் படாமல் கையை வளைத்துக்கொண்டு கத்தினாள்:

"சீக்கிரம் சொல்லுங்கோ மாமி, அணையப்போறது!"

"ஐயோ, வருவா, வருவா! லலிதாவும் வருவா!"

எட்டு.

மாமி வந்து கேட்டது

மத்தியானச் சாப்பாட்டுக்குப் போன கமலா, ஜெர்மனி வரைக்கும் ஓடின நெருப்பு என்று வீட்டில் பீற்றிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் விடுவதற்குள் அலமேலு மாமி வந்துவிட்டாள். கூட நாலைந்து பேர்.

"டீச்சர், சத்தியமாச் சொல்லு. அது என்ன சாமி?"

டீச்சர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். "சாமி இல்லை மாமி. ஓட்டப் பந்தயத் தீயாக்கும்."

"பந்தயத்துக்கா நான் தேங்காய் உடைச்சேன்!"

"நான் வேணும்னு ஏமாத்தலை. ஆனாலும் உங்களுக்கு மனசு இல்லன்னா சொல்லுங்க. வார்த்தையை மாத்திக்கிடுதாங்கன்னு நானே இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாவுக்குக் கடுதாசி எழுதிப் போடுதேன்."

மாமி மூக்குத்தியைத் திருகியபடி யோசித்தாள்.

"பிள்ளையார் விளக்கிலே ஏத்தினதுதானே?"

"ஆமா மாமி."

"சுட்டுதா?"

"சுட்டுது அம்மா, கை எல்லாம் சுட்டுது!" என்று கமலா கையைக் காட்டினாள்.

"அப்போ அக்னிதான். ஜெர்மனிக்காரன் தூக்கிண்டு ஓடினா நெருப்பு நெருப்பில்லேன்னு ஆயிடுமா? சொன்னது சொன்னதுதான்." போகத் திரும்பியவள் நின்றாள். "ஆனா பந்தயம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம். நான் நிறுத்தாம விட்டிருந்தா எங்க கமலாதானே ஜெயிச்சிருப்பா?"

அது ஜெயிக்கிற பந்தயம் இல்லை என்று டீச்சர் சொல்லவில்லை.

அப்பா வந்தபோது

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அப்பா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. குடையை மடக்கும்போதே எல்லாம் தெரிந்திருந்தது. தெரு முனையிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

"ஈஸ்வரி, சாமியே இல்லையாமே அது. ஊரே சிரிக்கறது. தெரியாம வார்த்தை குடுத்தா தோஷம் ஒண்ணும் இல்லே. திரும்ப வாங்கிக்கலாம்."

அம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "சாமின்னு நெனச்சு நான் குடுக்கலியே."

"பின்னே?"

"நடுத்தெருவிலே நின்னு இவ கூப்பிட்டா. கேட்டேன். நாலு வருஷமா ஸ்கூலுக்குப் போறா, இன்னிக்குத்தான் இவ குரல் தெருவுக்கு வந்துது." டம்ளரை அப்பாவின் முன்னால் வைத்தாள். "இன்னும் ஒரு வருஷம் போனா இன்னொரு தரம் வராதா?"

அப்பா காப்பியைக் குடித்து முடித்தார்.

"அஞ்சாம் கிளாஸுக்கு என்ன புஸ்தகம் வாங்கணும்?" என்று அம்மாவைத்தான் கேட்டார்.

"பூகோளம்!"

கதவுக்குப் பின்னாலிருந்து சத்தமாக வந்துவிட்டது. அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"பார்த்தேளா?" என்று அம்மா சிரித்தாள். "வந்தாச்சு."